சுருங்க மறுப்பவை

நான்கு மாதங்கள் செலவிட்டுக் கட்டிய சிக்னல் கேபினை, அதாவது ரயில் சிக்னல்களை இயக்குபவர் இருக்கும் கட்டடத்தின் சிறு மாதிரியை, முதன்முறையாகப் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கிப் பார்த்த இரவில், அது கட்டடமாகத் தெரியவில்லை. அக்கறையோடு செய்யப்பட்ட ஓர் அட்டைப் பெட்டியாகவே தெரிந்தது. அளவுகளில் பிழை இல்லை. வரைபடத்தில் இருந்த ஒவ்வொரு நீளத்தையும் எண்பத்தேழால் வகுத்து, அரை மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் வெட்டியிருந்தேன். கதவின் உயரம் 24 மில்லிமீட்டர், படிக்கட்டின் ஒவ்வொரு படியும் 2 மில்லிமீட்டர், கூரை முகடு தரையிலிருந்து 80 மில்லிமீட்டர் என்று எல்லாம் கணக்குப்படி இருந்தும், படத்தைப் பார்த்த கண் ஒரு நொடிகூட ஏமாறவில்லை. அதன் பிறகு அதே கேபினை ஏறக்குறைய ஓராண்டாகப் பிரித்தும் திருத்தியும் மறுபடி மறுபடி படமெடுத்தும் வந்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: நீளங்களைச் சுருக்குவது எளிது; ஒளியும் தூசியும் எடையும் நம்முடைய வகுத்தலுக்குக் கட்டுப்படுவதில்லை. மாதிரிக் கட்டடத்தைக் காட்டிக்கொடுப்பவை பெரும்பாலும் அவையே.

மாதிரி ரயில்களில் உலகெங்கும் மிகுதியாகப் புழங்கும் எச்ஓ அளவு 1:87 ஆகும். ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர் என்ற கணக்கிலிருந்து அது வந்தது. பிரிட்டனில் எச்ஓவின் அதே 16.5 மில்லிமீட்டர் அகல இருப்புப்பாதையின் மேல் அடிக்கு நான்கு மில்லிமீட்டர் கணக்கில், அதாவது ஏறக்குறைய 1:76 அளவில் எஞ்சின்களையும் கட்டடங்களையும் செய்கிறார்கள். உருவில் சிறிய பிரிட்டிஷ் எஞ்சின்களுக்குள் அக்காலத்து மோட்டார்கள் அடங்காததால் ஏற்பட்ட வழக்கம் அது. நான் கட்டுவது எச்ஓ அளவில் என்பதால், இங்கே சொல்லும் எண்கள் எல்லாம் 87-ஐ வைத்தே இருக்கும்.

முதலில் எடை. நீளத்தை 87-ஆல் வகுக்கும்போது, பரப்பு 7,569-ஆலும் கன அளவு 6,58,503-ஆலும் வகுபட்டுவிடுகிறது. 50 டன் எடையுள்ள ஒரு செங்கல் கட்டடத்தை அதே செங்கல்லாலேயே இந்த அளவில் செய்தாலும் அது 76 கிராம்தான் இருக்கும். அட்டையால் செய்தால் அதிலும் குறைவு. உண்மையான கட்டடம் தன் பாரத்தால் மண்ணில் அமர்ந்திருக்கிறது. அதைச் சுற்றி மண் ஏறுகிறது, புல் முளைக்கிறது, மழை தெறித்துச் சுவரின் அடிப்பகுதி கறுக்கிறது. மாதிரியோ மூன்று நான்கு புள்ளிகளில் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. என் கேபினின் அடியில் இருந்த இடைவெளி வெறும் 0.3 மில்லிமீட்டர். கையால் தடவினால்கூடத் தெரியாது. ஆனால் கேமராவின் முன் அது 26 மில்லிமீட்டர் இடைவெளி. ஒரு கட்டடத்தின் கீழே விரல் நுழையும் சந்து ஓடினால் அது மிதக்கிறது என்றே கண் முடிவு செய்துவிடும். ஆகவே இப்போது எந்தக் கட்டடத்தையும் தரைமட்டத்தில் நிறுத்துவதில்லை. சுவர்களைக் கீழே 4 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டி, தரைப் பலகையில் அதற்கேற்பப் பள்ளம் வெட்டி, உள்ளே இறக்கி, சுற்றிலும் நைத்துச் சலித்த மண்ணைப் பசைநீரால் பதித்துவிடுகிறேன். அடித்தளம் போடாமல் யாரும் வீடு கட்டுவதில்லை. மாதிரிக்கும் அது பொருந்தும் என்பது எனக்கு உறைக்க ஒரு புகைப்படம் தேவைப்பட்டது.

கூரை தன் எடையால் தொய்வதும் மாதிரியில் தானாக நடக்காது. பழைய ஓட்டுக்கூரையின் முகடு நடுவில் இலேசாக இறங்கியிருக்கும். அதை நாமே வளைத்துச் செய்ய வேண்டும். என் கேபினில் அந்த இறக்கம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. படத்தில் யாரும் அதைத் தனியாகக் கவனிக்க மாட்டார்கள், ஆனால் நேர்க்கோடாக இருந்த முகட்டையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எது வயதான கட்டடம் என்பதில் ஐயமே எழாது.

செங்கல் விஷயத்தில்தான் நான் அதிகக் காலம் செலவிட்டேன், அதில் எனக்கு வருத்தமும் இல்லை. பிரிட்டிஷ் தர அளவுச் செங்கல் 215 மில்லிமீட்டர் நீளமும் 65 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. சாந்து 10 மில்லிமீட்டர். எச்ஓ அளவில் கல்லின் நீளம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர், உயரம் முக்கால் மில்லிமீட்டர், சாந்துக் கோடு 0.115 மில்லிமீட்டர், அதாவது அலுவலகத்தில் அச்சிடப் பயன்படும் சாதாரணத் தாளின் தடிமன். 1:160 அளவில் கட்டுபவர்களுக்கு அந்தக் கோடு தலைமயிரைவிட மெல்லியதாகிவிடும். அச்சு வார்த்த பிளாஸ்டிக் செங்கல் தாள்கள் பலவற்றில் சாந்துக் கோடு இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருக்கும்; அதில் வெள்ளைச் சாயத்தை நிரப்பிவிட்டால் சுவர் வலைபோட்டதுபோல் ஆகிவிடுகிறது. சாந்துக்கு வெள்ளை நிறம் ஒருபோதும் உதவாது என்பது என் உறுதியான கருத்து. கல்லின் நிறத்திலேயே சாம்பல் கலந்து, நீர்த்த சாயமாகச் சுவர் முழுவதும் ஓடவிட்டு, மேற்பரப்பை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால், கோட்டுக்குள் தங்குவது மட்டும் போதுமான வேறுபாட்டைத் தந்துவிடுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் மூலைகளில் இருக்கிறது. இரண்டு செங்கல் தாள்களைச் செங்கோணத்தில் ஒட்டினால், மூலையில் மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு ஓடும். ஒரு சுவரின் கல்வரி மற்றதன் வரியோடு சேராது. கொத்தனார் கட்டிய சுவரில் மூலைக்கல் இரு பக்கமும் தெரியும்: இந்தச் சுவரில் நீளவாட்டில் இருப்பது அந்தச் சுவரில் குறுக்குவாட்டில் தெரியும், அடுத்த வரியில் அது மாறும். இந்த மாற்றம்தான் பார்ப்பவருக்குச் சுவரின் தடிமனைச் சொல்கிறது. ஆயத்தத் தாள்களைக் கைவிட்டு, ஒரு மில்லிமீட்டர் அட்டையில் நானே ஊசிமுனையால் வரிகளைக் கீறத் தொடங்கியது இந்த மூலைக்காகத்தான். மூலையை ஒட்டி, காய்ந்தபின் உராய்ந்து, ஒவ்வொரு வரியையும் மூலையைச் சுற்றித் தொடர்ந்து கீறினேன். கேபினின் கீழ்த்தளத்துக்கு மட்டும் பதினோரு மாலைகள் ஆயின. அட்டையில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நீர்ப்பசையால் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் சுவர் காய்ந்ததும் வளையும், மறுபக்கத்திலும் அதே தடிமனில் ஒரு தாளை ஒட்டிப் பாரத்தின் கீழ் ஓர் இரவு வைத்துவிட்டால் இரு இழுவைகளும் ஈடாகி நேராக நிற்கும்.

அட்டையைக் குறைத்து மதிப்பிடுபவர்களுக்கு இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் லாங் விட்டன்ஹாம் என்ற ஊரில் உள்ள பென்டன் அருங்காட்சியகத்தைத்தான் சுட்டிக்காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் பிறந்து 1925-இல் இங்கிலாந்துக்கு வந்த ராய் இங்லாண்ட் என்பவர், தாம் கண்ட கிராமத்து வீடுகள் ஒவ்வொன்றாக மாற்றப்படுவதையும் இடிக்கப்படுவதையும் பார்த்து, அவை இருந்தபடியே மாதிரிகளாகப் பதிவாக வேண்டும் என்று தொடங்கிய பணி அது. 1954-இல் அருங்காட்சியகமாக வேரூன்றியது. 1:76 அளவிலான அந்த வீடுகளின் சுவர்கள் அட்டையால் ஆனவை. கற்கள் கையால் கீறப்பட்டு, நீர்வண்ணத்தால் தீட்டப்பட்டவை. தோட்டச் செடிகள்கூட இன்ன செடி என்று பெயர் சொல்லும்படி செய்யப்பட்டிருக்கின்றன. அங்குள்ள வீடுகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதெல்லாம் என்னைக் கவர்வது நுணுக்கத்தின் அளவைவிட அதன் அடக்கம். எந்தக் கல்லும் தன்னைத் தனியாகப் பார்க்கச் சொல்லி அழைப்பதில்லை.

கேபினின் மேல்தளம் முழுவதும் சன்னல். நெம்புகோல்களை இயக்குபவர் இரு திசையிலும் பாதையைப் பார்க்க வேண்டும் என்பதால் மூன்று பக்கமும் கண்ணாடிதான். 40 மில்லிமீட்டர் அகலச் சட்டங்கள் மாதிரியில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அவை மெலிந்தவுடன் அவற்றின் பின்னால் உள்ள கண்ணாடியின் தடிமன் வெளியே வந்துவிடுகிறது. கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் என்றாலும் அது 22 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடிக்குச் சமம், தவிரவும் அதில் பிரதிபலிப்பு நெளியும். நுண்ணோக்கியில் பயன்படும் மூடுவில்லை 0.15 மில்லிமீட்டர் அளவில் கிடைக்கும் உண்மையான கண்ணாடி. தட்டையானது, பிரதிபலிப்பு நேராக விழும். அதை வைரமுனையால் கீறி உடைப்பதற்குப் பொறுமை வேண்டும், உடையும் துண்டுகளிடம் எச்சரிக்கையும் வேண்டும். நான் முதலில் செய்தபோது விரைவுப் பசையைப் பயன்படுத்தி, மறுநாள் காலையில் எல்லாச் சன்னல்களிலும் பனி படர்ந்ததுபோல் வெண்மை படிந்திருப்பதைக் கண்டேன். அந்தப் பசையின் ஆவி மூடிய இடத்தில் கண்ணாடியின் மேல் படிந்துவிடும். மேல்தளம் முழுவதையும் பிரித்து மறுபடி செய்தேன், இரண்டாம் முறை வெள்ளைப் பசையின் ஒரு துளியோடு. மேலும், கண்ணாடியைச் சுவரின் முகத்தோடு ஒட்டிவிடக் கூடாது. செங்கல் சுவரில் சன்னல் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் உள்ளடங்கி இருக்கும். அந்த ஒரு மில்லிமீட்டர் ஆழத்தில் விழும் நிழலைவிடச் சுவருக்குக் கனம் தருவது வேறொன்றும் இல்லை.

இனிக் கேமராவுக்கு வருகிறேன். ஒரு மனிதரின் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால், மாதிரி உலகில் அது 18 மில்லிமீட்டர். பெரிய கேமரா ஒன்றைத் தரையில் அப்படியே வைத்தாலும் லென்ஸின் மையம் நாலரை சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். அது 4 மீட்டர் உயரத்தில், மாடிச் சன்னலிலிருந்து எட்டிப் பார்ப்பதற்குச் சமம். என் முதல் படங்கள் அதற்கும் மேலே, முக்காலியின் உயரத்தில் எடுக்கப்பட்டவை. பறவைக்குத் தெரியும் கூரைகள்தான் அவற்றில் நிறைந்திருந்தன. கேபினைப் பலகையின் விளிம்புக்குக் கொண்டுவந்து, கேமராவை விளிம்புக்கு வெளியே தாழ்த்தி வைத்தது முதல் தீர்வு. கைபேசியைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் ஊன்றுவது இன்னும் எளிய தீர்வு. அதன் லென்ஸ் மேல்விளிம்பை ஒட்டி இருப்பதால், கவிழ்த்தால் ஏறக்குறைய மனிதக் கண்ணின் உயரத்துக்கு வந்துவிடுகிறது. அந்த உயரத்திலிருந்து எடுத்த முதல் படத்தில்தான் கேபின் என்னைவிட உயரமாக நின்றது. அதே படத்தில், கூரைச் சரிவின் அடிப்பக்கத்துக்கு நான் வண்ணமே பூசவில்லை என்பதும் தெரிந்தது. மேலிருந்து பார்த்துக் கட்டியவனுக்கு அப்படி ஒரு பக்கம் இருப்பதே நினைவில் இல்லை. இப்போது சாயம் பூசுவதற்கு முன்பே, சாம்பல் அடிப்பூச்சு காய்ந்தவுடன், இந்த உயரத்திலிருந்து நான்கு பக்கமும் படமெடுத்துப் பார்க்கிறேன்.

தெளிவின் ஆழம் பற்றி, அதாவது ஒரு படத்தில் முன்னிருந்து பின்வரை எவ்வளவு தொலைவு தெளிவாகத் தெரிகிறது என்பது பற்றி, எவ்வளவு எழுதினாலும் தகும், ஏனெனில் ஒளி சுருங்க மறுப்பதன் முழு விளைவும் அங்கேதான் தெரிகிறது. ஒரு நிஜக் கட்டடத்தை 15 மீட்டர் தொலைவிலிருந்து, முழுச் சட்டகக் கேமராவில் 35 மில்லிமீட்டர் லென்ஸைக் கொண்டு, எஃப்/8 துளையில் (லென்ஸின் குவியத்தொலைவான 35 மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு விட்டம்) எடுத்தால், ஐந்து மீட்டரில் குவித்தாலே இரண்டரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். கட்டடப் படங்களில் அந்தத் தெளிவுக்கு நம் கண் பழகியிருக்கிறது. மாதிரியை அதே கோணத்தில் எடுக்க வேண்டுமானால் 172 மில்லிமீட்டருக்குள் நெருங்க வேண்டும். அந்த நெருக்கத்தில் படிக்கட்டு தெளிந்தால் முகடு மங்குகிறது. மங்கலைக் கண்டவுடன் மனம் இது சிறிய பொருள் என்று அறிந்துகொள்கிறது. லென்ஸின் துளையையும் 87-ஆல் வகுத்தால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். 4.4 மில்லிமீட்டர் துளை 0.05 மில்லிமீட்டராகும், அதாவது ஊசித்துளையிலும் சிறிய துளை. ஆழம் முழுவதும் கிடைத்துவிடும். ஆனால் ஒளியின் அலைநீளம் வகுபடாமல் முன்பிருந்த அதே 0.00055 மில்லிமீட்டரில் நிற்பதால், அத்தனை சிறிய துளையில் ஒளி விரிந்து, சுவரின் ஒவ்வொரு புள்ளியும் 4 மில்லிமீட்டருக்கும் அகலமான வட்டமாகப் பரவிவிடும். ஒன்றரைச் செங்கல் அகலத்துக்குக் கரைந்த சுவரில் பதினோரு மாலைகளின் உழைப்பும் கரைந்துபோகும்.

ஆகவே நடைமுறையில் எஃப்/11-க்கு மேல் துளையைச் சுருக்காமல், குவியத்தைச் சிறிது சிறிதாக முன்னிருந்து பின்னுக்கு நகர்த்தி, இருபது முப்பது படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியை மட்டும் கணினியில் கோத்து ஒரே படமாக்குகிறேன். கேமரா அசையக் கூடாது. ஒளியளவும் வெண்சமநிலையும் (படத்தின் நிறச் சாயலைச் சீராக்கும் அமைப்பு) மாறாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும். முன்னால் நிற்கும் சிக்னல் கம்பத்தின் விளிம்பில், பின்னுள்ள சுவர் சேரும் இடத்தில், மென்பொருள் ஒரு மங்கிய ஒளிவட்டத்தை விட்டுவைக்கும். அதைக் கையால் திருத்துவதைத் தவிர வழியில்லை.

இந்த வசதி இல்லாத காலத்தில், கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் வாழ்ந்த ஜான் ஆலன் மிகச் சிறிய துளைகளையும் நீண்ட ஒளிபதிவு நேரத்தையும் கொண்டே தம் எச்ஓ ரயிலுலகைப் படமெடுத்தார். தொழிலால் அவர் புகைப்படக்காரர். கோரி அண்ட் டிஃபீட்டட் என்ற அவரது இருப்புப்பாதையைப் பார்த்தவர்களைவிட அதன் படங்களைப் பார்த்தவர்களே பல மடங்கு அதிகம். 1973-இல் அவர் மறைந்த சில நாள்களிலேயே ஏற்பட்ட தீ விபத்தில் அது அழிந்துபோனது. அழுக்கும் துருவும் சரிந்த பலகைகளும் கொண்ட அவரது கட்டடங்களை அடுத்து வந்த தலைமுறைகள் அறிந்தது புகைப்படங்களின் வழியே. மாதிரிகளைப் பழமைப்படுத்தும் கலையில் இன்று நாம் இயல்பாகச் செய்யும் பலவற்றுக்கு அந்தப் படங்கள்தான் முன்னுதாரணம்.

சூரியன் மட்டும் ஒரு விலக்கு. அதை நாம் சுருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் நமக்கு வந்து சேர்வது அதன் கோணம் மட்டுமே. வானில் சூரியன் அரை டிகிரி அகலம். அதன் விட்டத்துக்கும் தொலைவுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 1:107. கூரை விளிம்பின் நிழல் 7 மீட்டர் தள்ளி விழுந்தால், அந்த நிழலின் ஓரம் ஆறரை சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கலாக இருக்கும். மாதிரியில் அதே நிழல் 80 மில்லிமீட்டர் தள்ளி விழும்போது மங்கல் முக்கால் மில்லிமீட்டர், அதை 87-ஆல் பெருக்கினால் அதே ஆறரை சென்டிமீட்டர். கேபினை வெயிலில் வைத்தால் நிழல்கள் தாமாகவே சரியாகிவிடுகின்றன. அறைக்குள், 30 சென்டிமீட்டர் அகல விளக்குப் பலகையை ஒரு மீட்டரில் வைத்து நான் எடுத்த தொடக்ககாலப் படங்களில் அதே நிழலோரம் 24 மில்லிமீட்டர் பரவியிருந்தது. அது இரண்டு மீட்டர் அகல மங்கல், எந்த வெயிலிலும் இல்லாதது. அறையில்தான் எடுக்க வேண்டும் என்றால், 3 மீட்டர் தொலைவில் 28 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே விளக்கு, மேலே வானத்துக்குப் பதிலாக ஒரு வெள்ளைத் துணியில் பட்டு விழும் மெல்லிய ஒளி, இவ்விரண்டும் போதும். மூன்றாவது விளக்கைச் சேர்க்கும் ஆசை வரும். சேர்த்தால் நிழல் இரண்டாகும், உலகில் சூரியன் இரண்டாகும்.

வெளியில் எடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. தொடுவானம் எப்போதும் லென்ஸின் உயரத்திலேயே தெரியும் என்பதால், கேமராவை மாதிரி மனிதரின் கண் உயரத்தில் கிடைமட்டமாக வைத்துவிட்டால், பலகைக்குப் பின்னால் உள்ள உண்மையான தொடுவானம் மாதிரி மனிதருக்குத் தெரிய வேண்டிய இடத்திலேயே வந்து பொருந்துகிறது. பின்னணி மரங்கள் மட்டும் வெகு தொலைவில் இருக்க வேண்டும். பத்து மீட்டரில் ஒரு மரம் நின்றால் கேபினின் மேல் மலைபோல் கவிந்துவிடும். காற்றும் சுருங்காது. கேபினின் அருகே ஒட்டிய புல்லிழைகள் இலேசான காற்றில் நடுங்கினாலும், இருபது படங்களைக் கோக்கும்போது அவை ஆவிபோல் கலைந்துவிடுகின்றன. பொழுது சாய்வதற்கு முன்னுள்ள, காற்று அடங்கிய அரைமணி நேரத்துக்காகக் காத்திருப்பதே என் வழக்கமாகிவிட்டது.

தூசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கூரைமேல் விழுந்த ஒரு தலைமயிர் படத்தில் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிறாகக் கிடக்கும். ஒரு மணல் பரல் கூழாங்கல்லாகும். ஒவ்வொரு படத் தொகுதியையும் எடுப்பதற்கு முன்னால் மென்தூரிகையாலும் ஊதுகுமிழாலும் முழுக் கட்டடத்தையும் துடைக்கிறேன். தண்டவாளத்துக்கு அடியில் மட்டும் இந்தப் பெருக்கம் உதவிக்கு வருகிறது: அரை மில்லிமீட்டர் மணல், நிஜப் பாதையில் கிடக்கும் நான்கு சென்டிமீட்டர் ஜல்லிக்கு மிகச் சரியாக ஈடாகிறது.

சென்ற வாரம் அந்த மாலை ஒளியில் எடுத்த 26 படங்களைக் கோத்தபோது, மூலைக்கற்கள் நன்றாக இருந்தன, சன்னல்களில் வானம் நேராக விழுந்திருந்தது, அடித்தளம் மண்ணில் புதைந்து நின்றது. மழைநீர்க் குழாய் மட்டும் கூரையிலிருந்து இறங்கித் தரைக்கு இரண்டு மில்லிமீட்டர் மேலே நின்றுவிட்டிருந்தது. அதன் வாய்க்கு நேர் கீழே வடிகாலும் இல்லை, கல்லும் இல்லை. உண்மையில் மழை பெய்தால் அந்த நீர் சுவரின் மேலேயே தெறித்துக் கீழ்வரிச் செங்கற்களை அரித்துவிடும். ஒரு சதுரக் கல்லைக் குழிவாகச் செதுக்கி, அங்கிருந்து பாதையோரம் வரை அரைவட்டக் கால்வாய் ஒன்றை வெட்ட நேற்று மண்ணைப் பெயர்த்திருக்கிறேன்.